சித்தருக்குத் தெரியுமாம், உனக்கு வேண்டாமாம்

போன மாதம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நடராசர் ஆடுகிறார், பின்னால் நூல் நூலாக ஏதோ அதிர்கிறது. ஸ்ட்ரிங் தியரியை எங்கள் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேலே எழுத்து ஓடுகிறது. ஈரேழு பதினாலு உலகம்தான் பிரேன்களாம். அனுப்பியவர் ரெக்ஸ்டேலில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரியப்பா. குழுவில் பாதிப்பேர் கைகூப்பினார்கள்.

அதே கிழமை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி யூனிவர்சிற்றிக்கு பிசிக்ஸ் போடப்போவதாகச் சொன்னாள். பெரியப்பா சொன்னது இது: "உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய் பிள்ளை? கொம்பியூட்டர் படி. சித்தப்பாவைப் பார்."

சித்தப்பா என்றால் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னோருக்குத் தெரிந்திருந்தால் பெருமை, பேத்தி படிக்கப்போனால் பயம். படிக்காமலே கிடைக்கும் பெருமையைத்தான் நாங்கள் கைகூப்பி வாங்குகிறோம்.

வீடியோவில் ஒரு தடவைகூடச் சொல்லப்படாத விசயம், பிரேன் என்றால் என்ன என்பது. மெம்பிரேன், அதாவது சவ்வு என்ற சொல்லின் வால்தான் பிரேன். ஸ்ட்ரிங் தியரியில் சில இழைகளுக்கு இரண்டு நுனி உண்டு. அந்த நுனிகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புக்கு டி-பிரேன் என்று பெயர். கிப்ளிங் வீதியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மாடிக் கட்டடங்களை நினையுங்கள். ஒன்றின் பல்கனியிலிருந்து மற்றதற்கு ஒரு றப்பர் கயிறு கட்டுங்கள். கட்டடங்கள் தள்ளிப்போனால் கயிறு இழுபடும், அதில் சக்தி ஏறும். இழைகளின் உலகில் அந்தச் சக்திதான் நிறை. பிரேன்கள் விலக விலக, நடுவில் இழுபட்ட இழை பாரமான துகளாகத் தெரியும்.

இப்போது இரண்டு பிரேனையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிவையுங்கள். நீளம் பூச்சியம், அந்த நிறையும் போய்விடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு, இரண்டிலிருந்து இரண்டுக்கு என்று நான்கு வகை இழைகள். எது எந்தப் பிரேனில் தொடங்கியது என்று பிரிக்கமுடியாது. இடம் மாற்றலாம் என்பது மட்டுமல்ல, நிறங்களைக் கலப்பதுபோல இரண்டையும் தொடர்ச்சியாகக் கலந்தாலும் சமன்பாடு அப்படியே நிற்கும். இதுதான் சமச்சீர். பிரேன்களைப் பிரித்தால் சமச்சீர் உடையும், சேர்த்தால் திரும்பி வரும். டி-பிரேன்களுக்கு மின்னேற்றம் போல ஒன்று உண்டு என்று ஜோசப் பொல்சின்ஸ்கி 1995இல் காட்டினார். அடுக்கிவைத்த பிரேன்களின் இந்தச் சமச்சீரை அதே வருடம் எட்வேர்ட் விட்டன் எழுதினார். ஒரு கணக்கு, ஒரு விடை, பிழை என்றால் பிழை என்று எவரும் சொல்லலாம். பதினாலு உலகம் என்ற வீடியோவில் பிழை பிடிக்க என்ன இருக்கிறது? எண்ணே இல்லையே.

சித்தர்களை நான் குறைசொல்லவில்லை. உடம்பைப் பற்றி, சாவைப் பற்றி, சடங்கைக் கேலிசெய்து அவர்கள் பாடியதற்கு அதற்கான மதிப்பு இருக்கிறது. அவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிடத் தேவையில்லை. சேர்ன் வளாகத்தில் நடராசர் நிற்பதும் விஞ்ஞானம் சைவத்தை நிரூபித்ததால் அல்ல. 2004இல் இந்திய அரசு தந்த பரிசு அது.

தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் உண்மையான ஒன்று இருக்கிறது. வீடியோவைவிட நூறு மடங்கு நல்லது.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 100ஐ? பத்தொன்பது கோடிக்கு மேல். இந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்குக் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசனும் ஹார்டியும் 1918இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். ஓர் இழை தன்னிடமுள்ள சக்தியைச் சிறிய பெரிய அதிர்வுகளுக்குள் எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்பதும் இதே வகைக் கணக்குத்தான். 1996இல் ஸ்ட்ரோமிஞ்சரும் வாஃபாவும் பிரேன்களால் ஒரு கருந்துளையைக் கணிதத்தில் கட்டி, உள்ளே எத்தனை நிலைகள் என்று எண்ணினார்கள். விடை, கருந்துளையின் மேற்பரப்பை வைத்து பெக்கென்ஸ்டீனும் ஹோக்கிங்கும் சொன்னதோடு பொருந்தியது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்பது அந்த 1918 சூத்திரத்தின் வாரிசு.

இன்னும் இருக்கிறது. 1920 ஜனவரியில், சாவதற்கு மூன்று மாதம் முதல், இராமானுசன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சில விசித்திரமான சார்புகள் இருந்தன. சமச்சீர் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் சற்றே பிசகும். அந்தப் பிசகை எதைச் சேர்த்தால் சரிசெய்யலாம் என்று 2002இல்தான் நெதர்லாந்தில் ஸ்வேகர்ஸ் தன் முனைவர் ஆய்வில் கண்டார். 2012இல் தபோல்கர், மூர்த்தி, ட்ஸாகியர் மூவரும் அதே சார்புகளின் உறவுகளைக் கருந்துளைக் கணக்கில் கண்டு எழுதினார்கள்.

இராமானுசன் கருந்துளையை "அன்றே" சொன்னாரா? இல்லை. அவர் சொன்னது சமன்பாடு. மற்றவர்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டு அதைச் சரிபார்த்தார்கள். அவரும் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி உதவிச் சம்பளத்தை இழந்தவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியவர். அன்றைக்கும் எத்தனை பெரியப்பாமார் "உது என்னத்துக்கு" என்று கேட்டிருப்பார்கள்!

ஒரு நியாயமான கேள்வி வரும்: ஸ்ட்ரிங் தியரி நிரூபிக்கப்பட்டதா? இல்லை. எந்தப் பரிசோதனையும் இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை, பிழையாகவும் போகலாம். அதைப் படிப்பவர்களே அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். வீடியோ செய்தவர் ஒளிக்கிறார்.

என் கதையையும் சொல்லவேண்டும். 2005 யூலையில் உலகத்தின் ஸ்ட்ரிங் ஆய்வாளர்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஒரு கிழமை கூடினார்கள். நான் அப்போது ஹைஸ்கூல். பஸ் ஏறினால் போகக்கூடிய தூரம். பிசிக்ஸ் புத்தகம் என்றால் உயிர். ஆனால் கூட்டம் நடந்ததே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். வீட்டில் சொன்னதைக் கேட்டு இன்ஜினியரிங் எடுத்தேன், மாஸ்டர்ஸும் முடித்தேன், இன்றைக்கு ஒரு வங்கியின் பழைய சேர்வர்களைப் புதிய இடத்துக்கு மாற்றுகிறேன். நல்ல சம்பளம். பட்டினி கிடந்து வந்த அப்பா அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது, அவர்களில் கோபமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு என்னை உதாரணமாகக் காட்டாதீர்கள். ஒரு மணி நேரம் கார் ஓடினால் வோட்டர்லூவில் பெரிமீற்றர் நிறுவனம் இருக்கிறது. பிரேன்கள் ஒரு புலத்துக்குள் கோளமாக ஊதிப்பெருக்கும் என்று 1999இல் காட்டிய ரொப் மையர்ஸ் பின்னாளில் அதன் இயக்குநராக இருந்தவர். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விட்டு யாருடைய பழம்பெருமையைத் தேடுகிறோம்?

போன சனிக்கிழமை அல்பியன் நூலகத்தில் பிள்ளையிடம் கேட்டேன்: மூன்று பிரேனை அடுக்கினால் எத்தனை வகை இழை?

"ஒன்பது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சித்தப்பா, குவார்க்குகளை ஒட்டிவைக்கிற குளுவோன் எட்டு எண்டுதானே புத்தகத்தில இருக்கு. மற்ற ஒண்டு எங்க போச்சு?"

அந்த ஒன்று, மூன்று பிரேனும் சேர்ந்து ஒரே அடுக்காக நகர்வதைக் குறிப்பது, தனியே கழன்றுவிடும், மிச்சம் எட்டு என்றேன். அவள் அதை ஒரு தாளில் படமாகக் கீறி, போட்டோ எடுத்து, குடும்பக் குழுவில் போட்டாள்.

பெரியப்பா அதற்கும் கைகூப்பியிருக்கிறார். விண்ணப்ப முடிவு ஜனவரியில்.