நீர்ப்பறவையும் காமிராவும்

நீலகிரிக்குச் செல்லும் குடும்பங்கள் உதகையின் ஜனநெரிசலுக்கு அஞ்சி எமரால்டுப் பக்கம் ஒதுங்கிப் போவதைக் காண்கிறோம். நல்ல யோசனைதான். குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கானடா தேசத்தின் உதவியோடு எழுந்த அணைகளில் ஒன்று அங்கே உள்ளது. மின்சாரத்துக்காக நீரை இறக்கும் மாதங்களில், மூழ்கிக் கிடந்த மேடுகள் சிறு தீவுகளாகத் தலைகாட்டும். அவற்றின் ஓரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். குழந்தைகள் கைதட்டுவார்கள். தகப்பனார் கைபேசியும் கையுமாகக் கரைக்கு விரைவார். பறவை எழுந்து போய்விடும். வீட்டுக்கு வந்து பார்த்தால், மலையும் வானமும் அழகாக இருக்க, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும்.

இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நீர்க்காகம் அடுத்த திட்டில் போய் உட்கார்ந்து கொள்ளும். ஆனால் அதே அவசரத்தைக் கூடு கட்டும் காலத்தில், பறவைகள் முட்டையிடும் தீவு ஒன்றில் காட்டினால் என்ன ஆகும் என்பதை நேயர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆலா என்னும் கடற்பறவைகள் மரத்தைத் தேடுவதில்லை. பெரும்பாலும் வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்று ஒரு மணல் திட்டு இருக்கிறது. குடிநீர் இல்லை, மனித வாசம் இல்லை. அதுவே ஆலாக்களின் பிரசவ அறை. தாய்ப்பறவை முட்டையின் மேல் அமர்ந்திருப்பது சூடு தருவதற்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. உச்சி வெயிலில் முட்டை வெந்து போகாமல் நிழல் தருவதும் அதுவே. மனிதன் அருகே வந்தால் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் எழும்புகிறது. வெயிலும், திருடித் தின்னும் பிற பறவைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து போல்சா சிகா சதுப்பு நிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள சிறு தீவு ஒன்றில் சுமார் 3,000 ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. யாரோ பறக்கவிட்ட டிரோன் என்னும் விமானப் பொம்மை அவற்றின் நடுவே விழுந்தது. பறவைகள் பருந்தென்று பயந்தனவோ என்னவோ, தீவையே துறந்து போயின. 1,500-க்கு மேற்பட்ட முட்டைகள் மணலில் அநாதையாகக் கிடந்தன. பொம்மைக்கு உரியவன் முகத்தைக்கூட அந்தப் பறவைகள் பார்த்ததில்லை!

காமிராக்காரர்கள் எல்லாருமே இப்படி என்று சொல்லோம். இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்டன் என்ற சகோதரர்கள் 1892-லேயே பறவைக் கூட்டைப் புகைப்படம் எடுத்தார்கள். 1896-ல் ஸ்காட்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் செயின்ட் கில்டா தீவுக்குப் பளுவான சாதனங்களோடு போனார்கள். கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்டே ஜீவித்த ஜனங்கள் அப்பொழுது அங்கே இருந்தார்கள். 1930-ல் கடைசிக் குடிகளும் வெளியேறினர். இந்தச் சகோதரர்கள் உள்ளீடற்ற மாட்டுப் பதுமை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் புகுந்து படம் எடுத்தார்கள் என்றால் சிரிப்பு வரும். ஆனால் மாட்டைக் கண்டு பறவை கூட்டை விட்டு ஓடாது என்ற ஞானம் அதில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு மட்டும் என்ன குறை? 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) பல காமிராக்களின் உறுப்புகளைக் கூட்டித் தாமே ஒரு கருவி சமைத்துக்கொண்டார். அதற்குப் 'சூப்பர் பாண்டெரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். வர்ணப் படங்களை நாடாமல் கறுப்பு வெள்ளையிலேயே காட்டைக் காட்டினார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 46 வருஷம் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்தால் அவர் வித்தையின் ரகசியம் விளங்கும். பறவையின் அன்றாட வழக்கத்தை முதலில் கற்றார்; படம் பிறகே வந்தது.

அவருக்கு மிகவும் உகந்த இடங்களில் ஒன்று வேடந்தாங்கல். ஏரியில் நீர் நிரம்பியதும், உள்ளே நிற்கும் கடப்ப மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவாகிவிடும். நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் கிளைக்குக் கிளை குடியேறும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து சுட்டபோது, ஊர்க் குடியானவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குச் சீட்டு வாங்கினார்கள்; 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டியார் இன்னும் ஒரு படி மேலே போய், தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். நாட்டின் பறவைச் செல்வத்தைக் காத்த பெருமை சட்டத்துக்கு முன்னே இந்தக் கிராமத்தாரைச் சேரும் என்பது நம் அபிப்பிராயம்.

வேடந்தாங்கலுக்கு மார்கழி, தை மாதங்களில் போகலாம். கரையை விட்டு இறங்க வேண்டாம். காலை வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்து, அரைமணி நேரம் காமிராவைத் தொடாமல் இருங்கள். கொக்கின் வெண்மை வெளுத்துப் போகாதபடி ஒளியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். பறவை உங்களை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு இறகு கோதத் தொடங்கினால், அதுதான் விசையை அழுத்த வேண்டிய தருணம்.

இப்பகுதிக்குப் பறவைப் படம் அனுப்பும் நேயர்கள் இடம், தேதி, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்பவற்றைப் படத்தோடு எழுதி அனுப்பக் கோருகிறோம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை நெருங்கி எடுத்த படம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வெளியிடப்பட மாட்டாது.