சதாவதானிகள் அல்ல நம் பிள்ளைகள்

படப்பையில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு ஹால், ஒரு கிச்சன். ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு அந்த ஹாலில் டிவி ஓடும். கட்டிலில் சாய்ந்தபடி அப்பா ரீல்ஸ் பார்ப்பார். தரையில் பத்தாம் வகுப்புப் பெண் அறிவியல் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள், மடியில் அம்மாவின் செல்போன் இருக்கும். சில ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் என் வீட்டில் வைத்துக் கணக்கு சொல்லித் தருகிறேன். "படிக்கிற நேரத்தில் போனைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்" என்று பெற்றவர்களிடம் சொன்னால் வருவது ஒரே பதில்தான்: "இந்தக் காலத்துப் பசங்க சார். ஒரே நேரத்துல நாலு வேலை பாப்பாங்க. நமக்குத்தான் அது வராது."

சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். நான் சண்டை போடுவது அந்தப் பெருமையோடுதான். பிள்ளைகள் நாலு வேலை பார்ப்பதில்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிறார்கள். ஒவ்வொரு தாவலிலும் கையில் இருந்ததைக் கொஞ்சம் சிந்திவிடுகிறார்கள்.

இதை நான் நோட்டில் பார்க்கிறேன். இரண்டு சமன்பாடுகளைக் கழித்து எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டான் பையன். அடுத்து அதைப் பிரதியிட்டு ஒய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் போன் சிணுங்குகிறது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்து விநாடியில் திரும்பிவிடுகிறான். ஆனால் மைனஸ் பிளஸ் ஆகிவிட்டது. முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறான். "கணக்கு வரல சார்" என்கிறான். அவனுக்குக் கணக்கு வருகிறது. மனத்தில் மூன்று எண்களைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில் யாரோ கையைத் தட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். நாளடைவில் தனக்குக் கணக்கே வராது என்று அவன் நம்பத் தொடங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழகப் பழகக் கைவந்துவிடும் என்பார்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் பல திரைகளை ஒரே நேரத்தில் மேயும் பழக்கம் அதிகம் உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். தேவையற்றதை ஒதுக்குவதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் பின்தங்கியவர்கள் அந்தப் பழக்கம் அதிகம் உள்ளவர்கள்தான். மாறி மாறிப் பார்ப்பதே பழக்கமாகிப்போனவர்களுக்கு அந்த மாறுதலே சரியாக வரவில்லை.

நம் மண்ணில் உண்மையாகவே பல வேலைகளை ஒருசேரக் கவனித்தவர்கள் உண்டு. நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், நூறு காரியங்களை ஒருசேரக் கவனிக்கும் சதாவதானம் செய்து காட்டினார். அவதானத்தில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குப் போடுவார். முதுகில் விழும் கற்களையும் இடையிடையே ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் தவறில்லாமல் விடை சொல்ல வேண்டும். இதைக் காட்டி "பார்த்தீர்களா, முடியும்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் ஒன்றை மறந்துவிட்டார். அவதானி மேடையேறும் முன் ஆண்டுக்கணக்கில் ஒன்றிலேயே ஊன்றியிருந்தவர். இலக்கணமும் செய்யுளும் யோசிக்காமல் நாவில் வரும் அளவுக்கு மனப்பாடம் செய்தவர். அந்தக் கலைக்குத் தமிழில் கவனகம் என்றே பெயர். மேடையில் அவரைக் கலைக்க வருகிறவர்களை மீறி நினைவைக் காப்பதுதான் அவருடைய சாதனை. நம் பெண்ணின் மடியில் இருக்கும் போனில் அவளைக் கலைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற புலவருக்கு நிகராகப் பதினைந்து வயதுக் குழந்தையை எதிரே நிறுத்துவது நியாயமா?

கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஒரு சோதனையை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலையும் சேர்த்துப் பார்த்த மாணவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இது எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்து, நோட்டில் ஒழுங்காகக் குறிப்பெடுத்த மாணவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். தவறே செய்யாதவர்களுக்கு அடி. இந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் தெரு ஹால்கள்தான் என் நினைவுக்கு வந்தன. அக்கா கையில் போன், தம்பி கையில் புத்தகம், அப்பா கையில் ரீல்ஸ். தம்பி போனைத் தொடவே இல்லை. ஆனாலும் அவன் படிக்கவில்லை.

அப்படி ஓர் அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன்: "கம்பெனியில லைன்ல நிக்கும்போது போன் பாப்பீங்களா?" பதறிவிட்டார். "ஐயோ, உள்ளேயே விடமாட்டாங்க சார். லாக்கர்ல வெச்சிட்டுத்தான் போகணும்." ஏன் என்று கேட்டேன். போல்ட் ஒன்று விட்டுப்போனாலும் வண்டி திரும்பி வந்துவிடும், கை மெஷினில் போய்விடும் என்றார். எட்டு மணி நேரம் நம் கவனத்தின் விலை என்ன என்று கம்பெனிக்குத் தெரிகிறது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போனில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுபவனைத் திட்டுவதற்கு நமக்கும் தெரிகிறது. மூளை ஒன்றுதான். அது படிக்கும்போது மட்டும் நாலாகப் பிரியும் என்று எதை வைத்து நம்புகிறோம்?

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. பாடநூலிலேயே கியூஆர் கோடு இருக்கிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. போன் இல்லாமல் எப்படி? உண்மைதான். ஆனால் பாடம் இருக்கும் அதே கண்ணாடிக்குள்தான் எல்லாமும் இருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட 2024 அசர் (ASER) கல்விக் கணக்கெடுப்பில், போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரம் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். பிள்ளைகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பும் பள்ளிகள்தான் குழந்தையின் கையில் போனைத் திணிக்கின்றன. மூன்றரை மணிக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் டைரியில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

போன் இல்லாமலும் படிப்பு நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாடு என்ன செய்தது என்பதை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தெருவில் இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம். மாநிலத்தின் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பொருளாதார ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். பாயை விரித்து, குழந்தையின் முகத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்க ஓர் அக்கா இருந்தாள். அதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை.

என் வீட்டில் ஒரு மூங்கில் தட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் எல்லோரும் போனை அணைத்து அதில் போட வேண்டும், என்னுடையதும் சேர்த்து. முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைகள் பாக்கெட்டைத் தடவின. மூன்றாம் மாதம் ஒரு பெண் ஒரே மூச்சில் ஐம்பது நிமிடம் வடிவியல் போட்டுவிட்டு, மணி என்ன என்று கேட்டாள். அந்த அப்பாவிடம் நான் இப்போது கேட்பது இவ்வளவுதான்: ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏழிலிருந்து எட்டு வரை டிவியை நிறுத்தி, உங்கள் போனையும் பீரோ மேல் வையுங்கள். போன வாரம் இரண்டு நாள் வைத்தாராம். மூன்றாம் நாள் கிரிக்கெட் மேட்ச்.