வாங்க வருபவர் எண்ணும் அறைகள்

வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர் வாசலில் நின்றபடியே கேட்கும் முதற்கேள்வி, ‘படுக்கையறை எத்தனை?’ என்பது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின் கேட்கும் இரண்டாவது கேள்வி, ‘குளியலறை எத்தனை?’ என்பது. முதற்கேள்விக்குப் பெருமையோடு விடை கூறும் நம்மவர்கள், இரண்டாவது கேள்விக்குக் கொல்லைப்புறத்தைச் சுட்டிக் காட்டுகிறோம். பல வீடுகளில் விலைபேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

தலத்தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருந்து சிறுகச் சிறுகப் பணம் அனுப்பிக் கட்டிய வீடு அது. மூன்று பெண்மக்கள், ஒவ்வொரு நிக்காஹுக்கும் முன்னதாக ஓர் அறை கூடியது. இறுதியில் ஐந்து படுக்கையறைகள் ஆயின. குளியலறையும் கழிப்பறையும் மட்டும் முதலில் கட்டியபடியே கொல்லையில் ஒன்றுடன் நின்றுவிட்டன. அவர் வஃபாத்தான பிறகு, பாகம் கணக்கிட்டுத் தரும்படி பிள்ளைகள் என்னை அழைத்தார்கள்.

கணக்கு எளிதாகவே அமைந்தது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழை, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற முறையில் இரண்டு ஆண்மக்களுக்கும் மூன்று பெண்மக்களுக்கும் பிரித்தால், ஆண்மக்களுக்குத் தலா எட்டில் இரண்டும் பெண்மக்களுக்குத் தலா எட்டில் ஒன்றும் கிடைக்கும். ஆனால் ஐந்து அறை வீட்டை எட்டுப் பங்காக வெட்ட இயலுமா? மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளும் வசதி எவருக்கும் இல்லை. கடைசிப் பெண்ணோ வாடகை வீட்டில் இருப்பவர். தம் பங்கு கைக்கு வந்தால்தான் சொந்தமாக ஒரு மனை வாங்க முடியும் என்ற நிலை. ஆகவே விற்பது என்று முடிவாயிற்று.

ஓராண்டு ஓடியது. தரகர் பலரை அழைத்து வந்தார். வந்தவர்கள் ஐந்து அறைகளையும் பார்த்து மகிழ்ந்தார்கள். கொல்லைக்குப் போய்த் திரும்பியதும் முகம் மாறினார்கள். அதே காலத்தில் பக்கத்துத் தெருவில் மூன்று படுக்கையறையும் இரண்டு குளியலறையும் உள்ள, அதைவிடச் சிறிய வீடொன்று சில வாரங்களில் கிரயமாகிவிட்டது.

மூத்த மகனுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. “ஹஜ்ரத், கூடத்தைப் பலகை வைத்து மறித்தால் ஆறு படுக்கையறை என்று சொல்லலாமே, விலை ஏறாதா?” என்று கேட்டார். ஏறாது என்றேன். வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் மனையின் அளவு, கட்டடத்தின் பரப்பு, அதன் வயது, அது இருக்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகிறார். நடுவே ஒரு தடுப்பு எழுந்ததனால் பரப்புக் கூடிவிடுவதில்லை. வாங்குகிறவரோ காற்றோட்டமான கூடம் ஒன்றை இழக்கிறார்.

மேலும், நான்கு சுவர் எழுப்பியதையெல்லாம் அறை என்று எண்ணிவிட முடியாது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடி இருக்கவேண்டும் என்கிறது. இரண்டு அறைகள் இருக்குமாயின் இரண்டாவது 7.5 சதுர மீட்டர் வரை சிறுத்திருக்கலாம். நம்மைப் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில், காற்றும் வெளிச்சமும் வரும் திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த வீட்டின் நடு அறைக்கு வெளிச்சுவரே இல்லை; பகலிலும் விளக்குப் போட வேண்டும். அதைப் படுக்கையறை என்று சொல்லி விற்பது, குறையை மறைத்து விற்பதற்கு ஒப்பாகும். அது நமக்கு ஆகுமான வணிகமன்று.

பிரான்சில் இருக்கும் இளைய மகன் இன்னொரு செய்தி சொன்னார். 1954 நவம்பர் 1 வரை நம் காரைக்காலை ஆண்ட அந்த நாட்டில், ‘மூன்று அறை வீடு’ என்றால் மூன்று படுக்கையறை என்று பொருளன்றாம். கூடம் ஒன்றும் படுக்கையறை இரண்டுமே அந்த மூன்றில் அடங்கும். அடுக்களையும் குளியலறையும் எண்ணிக்கையில் சேருவதில்லை. நம் நாட்டு நகரங்களில் வழங்கும் ‘மூன்று பி.எச்.கே.’ என்ற சொல்லிலும் படுக்கையறை, கூடம், அடுக்களை மூன்றுக்கே இடமுண்டு. குளியலறை விடுபட்டுப் போகிறது. அமெரிக்காவிலோ குளியலறையைத் தனியே எண்ணுவதுடன், கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உள்ளதை ‘அரைக் குளியலறை’ என்று குறிப்பிட்டு, ‘இரண்டரை’ என்றே விளம்பரம் செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வழியே வீடு பேசுகிற நம் மக்கள் இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் கேளாமல் ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் கேட்டறிவது நல்லது.

சரி, அந்த வீட்டுக்கு என்ன செய்வது? கொத்தனாரை அழைத்து வந்து கலந்து பேசினோம். பின்பக்க மூலையில், கழிவுநீர்த் தொட்டிக்கு அருகே, பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 50 சதுர அடி வரும். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்ததற்கு விதித்தொகுப்பு கேட்பது 2.8 சதுர மீட்டர்தான். ஏறத்தாழ 30 சதுர அடி. இரண்டும் அடுத்தடுத்து அமைவதால் குழாயும் ஒன்றே, கழிவுநீர்ப் போக்கும் ஒன்றே; செலவு குறையும். வெளிச்சுவர் இருப்பதால் காற்றுக்கும் குறைவில்லை.

ஒன்றின் வாயிலைப் பக்கத்துப் படுக்கையறைக்குள்ளும், மற்றொன்றின் வாயிலைக் கூடத்துப் பக்கமும் வைக்கச் சொன்னேன். இரண்டையும் படுக்கையறைகளோடு சேர்த்துவிட்டால் விருந்தினர் எவரும் பெண்கள் உறங்கும் அறையைக் கடந்தே போகவேண்டியிருக்கும். வீடு பார்க்க வரும் பெண்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். ஆண்களுக்குத்தான் குடிபுகுந்த பிறகு தெரியவரும்.

குளியலறையைக் கூட்டுமுன் தொட்டியைப் பார்க்க வேண்டும். ஆறும் கடலும் சூழ்ந்த நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். சிறிய தொட்டியோடு மேலும் இரண்டு கழிப்பறைகளை இணைத்தால் மழைக்காலத்தில் கழிவுநீர் எதிர்த்து வரும். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒடுக்கமான மனைகளில் இது எளிதன்று. தொட்டிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் மூடி இருக்கவேண்டும். விவரம் அறிந்தவர்கள் இவற்றையெல்லாம் கேட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.

வேலை முடிந்தபோது அந்த வீட்டில் படுக்கையறை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. பின்னறை குளியலறைகளாயிற்று, இருட்டறை சாமான் அறையாயிற்று. கொல்லையில் இருந்ததையும் சேர்த்துக் குளியலறை மூன்று. என்.ஐ.டி.யும், 2016இல் ஜிப்மர் கிளையும் காரைக்காலுக்கு வந்தபின், மாதச் சம்பளத்தில் இருக்கும் சிறு குடும்பங்கள் இங்கே வீடு தேடுகின்றன. எட்டுப் பேர் வாழும் ஐந்து அறை வீடு அவர்களுக்குத் தேவையில்லை. வைகறையில் ஒருவரையொருவர் காத்து நிற்காத வீடே தேவை. அத்தகைய குடும்பம் ஒன்று வந்து, பேரம் அதிகம் பேசாமல் முடித்துக்கொண்டது. கடைசிப் பெண்ணுக்கும் அவர் பங்கு கிடைத்தது.

இத்துடன் நான் முடித்திருக்கலாம். ஆனால் கிரயத்துக்கு முன்பு ஒருநாள், குளியலறை வேலை முடிந்ததைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த உம்மா புதிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். “ஹஜ்ரத், அவங்க வாப்பா கடைசி ரெண்டு வருசமும் ராத்திரியிலே முற்றம் தாண்டி, மழையிலே நனைஞ்சுக்கிட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொல்லைக்குப் போய் வந்தாங்க. இது அப்பவே இருந்திருக்கலாம்” என்றார்கள். பிள்ளைகள் இருவரும் தலை குனிந்து நின்றார்கள். என்னிடத்திலும் பதில் இல்லை. நோய் விசாரிக்க அந்த வீட்டுக்குப் பலமுறை போனவன்தான் நான். அந்தக் குளியலறையை உம்மா பயன்படுத்தியது மூன்றே மாதங்கள்.

வாசகர்களே, வாங்க வருபவர் வந்துதான் நம் வீட்டுக் குறையை எண்ணிச் சொல்லவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் படுக்கும் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை எத்தனை அடி, எத்தனை படி என்று இன்றிரவே நடந்து எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால், அடுத்த அறையைக் கட்டுவதற்கு முன் ஒரு குளியலறையைக் கட்டுங்கள். என்றேனும் வீட்டை விற்க நேர்ந்தால் அந்தச் செலவு விலையில் ஓரளவு திரும்பி வரும். விற்க நேராவிட்டாலும் நட்டமில்லை.