கோயம்புத்தூர் தாயியும் தட்டில் ஏறாத குரல்களும்

"இசைக்கு ஏது சாதி?" மார்கழி பிறந்தால் தூத்துக்குடியிலும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் எப்போதும் மேடையில் இடம் கிடைத்தவராகவே இருக்கிறார்.

அவரிடம் கோயம்புத்தூர் தாயியைத் தெரியுமா என்று கேளுங்கள், தோழர்களே. 1872இல் தேவதாசி மரபில் பிறந்தவர். இயற்பெயர் பழனிகுஞ்சரம். சென்னைக்கு வந்து பாடகியாக நிலைபெற்றார். கிராமபோன் நம் மண்ணுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே அவர் குரல் தட்டில் ஏறியது. ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான். விடிய விடியப் பாடத் தெரிந்தவர் ராகத்தை அதற்குள் அடக்கிக் காட்டினார்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாழ் அந்தக் குரலில் சொக்கிப்போனார். அவரது 'ராகமாலிகா' என்ற பியானோ இசை தாயியின் இசைத்தட்டை அடியொற்றியது. நம் மேளத்தின் ஓசைக்காகப் பியானோ தந்தியில் அட்டையைச் செருகச் சொன்னார் மனிதர்! 1914 ஜனவரியில் பாரிசில் அவரது 'நான்கு இந்துக் கவிதைகள்' அரங்கேறியது. பாடியவர் ரோஸ் ஃபியார் என்ற சொப்ரானோ பாடகி. பாரிசில் அவர் கலைஞர். சென்னையில் தாயி 'தாசி'. 1917இல், 45 வயதில் தாயி இறந்தார்.

1928இல் மியூசிக் அகாடமி வந்தது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடைசெய்தது. அது ஒழிய வேண்டிய கொடுமைதான், அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாம். ஆனால் அந்தப் பெண்கள் காத்த இசை மட்டும் 'புனிதமாகி' வேறு வீடுகளுக்குப் போனது எப்படி? அதற்குச் சாதி இல்லையா?

இதோடு நிறுத்தினால் நாமும் பாதி உண்மைதான் பேசுகிறோம். தாயியின் மரபுப் பெண்கள் பாடிய கோயில்களுக்குள் நம் பாட்டிகளுக்கு அனுமதியே இல்லை. தாயியை இகழ்ந்தார்கள், ஆனாலும் பதிவு செய்தார்கள். முள்ளக்காட்டு உப்பளத்தில் பெட்டி சுமந்துகொண்டே என் பாட்டி பாடிய பாட்டைத் தேடி எந்தக் கம்பெனி வந்தது? அவள் போனபோது பாட்டும் போய்விட்டது. எனக்கு மெட்டு மட்டும் அரைகுறையாக நினைவிருக்கிறது.

உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்குப் போங்கள். பாடுகிறவரிடம் சம்மதம் கேளுங்கள். பெயர், ஊர், என்ன வேலை, என்ன கூலி, எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். அன்றைய கூலியையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.