பீரோவுக்குள்ளே பூட்டின கணக்கு

"விளையாட்டு வழியில் கணிதம்"னு பேனர் கட்டாத பள்ளிக்கூடம் இப்பல்லாம் அபூர்வம். நானும் வருஷா வருஷம் ஏதாவது ஒரு கண்காட்சிக்குப் போயிட்டு வயித்தெரிச்சலோட திரும்பி வர்றேன். தெர்மோகோல்ல பிதாகரஸ் தேற்றம், பக்கத்துல நின்னு மூச்சு விடாம ஒப்பிக்கிற குழந்தை. தெர்மோகோலை வெட்டினது அப்பா, ஃபெவிகால் ஒட்டினது அம்மா, அதுவும் ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு. குழந்தை அப்போ தூங்கிட்டு இருந்துச்சு. இதுல எங்கேய்யா விளையாட்டு? எங்கேய்யா கணக்கு?

நிஜமான சாமானும் இல்லாம இல்லை. மணிச்சட்டம், கட்டைகள், பின்னத் தட்டுகள் எல்லாம் வாங்கி, 'கணித ஆய்வகம்'னு போர்டு மாட்டி, பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க. பசங்க தொட்டா தொலைஞ்சிடுமாம். ஆய்வுக்கு யாராவது வந்தா மட்டும் திறப்பு விழா :-)

திட்டத்துக்கும் நம்ம ஊர்ல பஞ்சம் கிடையாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கின செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு. என் சண்டை திட்டத்தோட இல்லை. விளையாட்டுன்னா கைதட்டி ஒரு பாட்டு, கூட ஒரு கலர் அட்டைன்னு நினைக்கிற மனப்பான்மையோடதான்.

என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. எண்ணைப் பிடுங்கிட்டா ஆட்டம் நின்னு போகணும். நிக்கலைன்னா அது கணக்கு விளையாட்டே இல்லை.

பல்லாங்குழியை எடுத்துக்கங்க. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியில ஆரம்பிச்சா எங்கே போய் முடியும், அதுக்கு அடுத்த குழி காலியா இருக்குமா, அதைத் தாண்டி எவ்வளவு அள்ளலாம்... இதையெல்லாம் மனசுக்குள்ளே ஓட்டிப் பார்க்காம ஜெயிக்க முடியாது. குழியில நாலு சேர்ந்தா 'பசு'. நாலு நாள் ஆடின குழந்தை அந்த நாலை எண்ணாது, பார்த்த உடனே எடுக்கும். அசல் விஷயம் ஆட்டம் முடிஞ்சப்புறம்தான். ஒருத்தர்கிட்ட 43, இன்னொருத்தர்கிட்ட 27. மறுபடி குழிக்கு அஞ்சா ரொப்பணும். 43 வச்சிருக்கிறவர் ஏழு குழியையும் ரொப்பிட்டு 8 மிச்சம் வச்சுக்குவார். 27-க்கு அஞ்சு குழிதான் ரொம்பும், 2 மிச்சம், ரெண்டு குழி காலி. ஈவும் மீதியும் இதேதான்! வகுத்தல்னு பேர் சொல்லாமலே நம்ம பாட்டிங்க திண்ணையில நடத்தின வகுப்பு இது. அதை மியூசியத்துக்கு அனுப்பிட்டு, அபாகஸ் கிளாசுக்குப் பணம் கட்டிக்கிட்டு இருக்கோம்.

அடுத்து கழித்தல். 42-ல் 17 போனா? நிறையப் பிள்ளைங்க 35-னு எழுதும். 2-ல் 7 போகாதுல்ல, அதனால திருப்பிப் போட்டு 7-ல் 2-ஐக் கழிச்சிடும். உடனே நாம "பக்கத்து வீட்ல கடன் வாங்கு"ன்னு ஒரு மந்திரம் சொல்லுவோம். எந்தக் குழந்தையாவது அந்தக் கடனை எப்போ திருப்பித் தரணும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அதுக்கு ஈர்க்குச்சி போதும். பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, உதிரி ரெண்டு. ஏழு எடுக்கணும்னா ஒரு கட்டைப் பிரிச்சாகணும். இப்போ மூணு கட்டு, உதிரி 12. அதுல 7 போனா 5, கட்டுல ஒண்ணு போனா 2. ஆக 25. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. சில்லறை மாத்தின கதைதான்.

"விளையாட்டால ஒண்ணும் நடக்காதுன்னு ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். 2017-ல் 'சயின்ஸ்' இதழ்ல வந்த டெல்லி ஆய்வைத்தான் காட்டுவாங்க. பால்வாடி வயசுப் பிள்ளைகளை எண், வடிவ விளையாட்டுகள் ஆட வச்சாங்க. எண்களைப் பற்றின உள்ளுணர்வு கூடுச்சு, ஒரு வருஷத்துக்கு மேலயும் நின்னுச்சு. ஆனா பள்ளிக்கூடக் கணக்குல அந்த லாபம் தங்கலை. உண்மைதான், மறைக்க வேண்டியதே இல்லை. ஆனா சீக்லரும் ரமணியும் 2008-ல் அமெரிக்காவுல ஏழை வீட்டுக் குழந்தைகளோட செஞ்சதையும் சேர்த்துப் படிங்க. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் வரிசையா எழுதின கட்டத்துல, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் காயை நகர்த்தணும். மொத்தமே ஒரு மணி நேரம் போலத்தான். எண்ணறிவு நல்லாவே கூடுச்சு. எண்ணுக்குப் பதிலா வெறும் கலர் கட்டத்துல ஆடின பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. ஆக, கை செய்யறதை வாயும் சொல்லணும், அப்புறம் நோட்டுலயும் ஏறணும். பாம்புக்கட்டத்துல 47-ல் நிக்கிற பிள்ளைக்கு 5 விழுந்தா "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு நகர்த்த விடாதீங்க. "48, 49, 50, 51, 52"ன்னு சொல்லி நகர்த்தச் சொல்லுங்க. இதுக்குச் செலவு பைசா கிடையாது.

"40 பேர் இருக்கிற வகுப்புல இதெல்லாம் நடக்குமா?"ன்னு கேட்பீங்க. பல்லாங்குழிக்குப் பலகை எதுக்கு? ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சு, தரையில சாக்பீஸால வட்டம் போட்டா ஆச்சு. சத்தம் வரும், கண்டிப்பா வரும். ரவுண்ட்ஸ் வர்ற ஹெச்.எம். சார் வாசல்லயே நின்னு மேஜையைத் தட்டாம, கொஞ்சம் உள்ளே வந்து கேளுங்க. "உன்கிட்ட 27தானேடா இருக்கு, எப்படிடா ஆறு குழி ரொப்பின?"ன்னுதான் அங்கே சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்.