எஸ்.யூ.வி. வாங்குமுன் நம்மவர் பார்க்க வேண்டியவை

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு வண்டிகளில் பதினொன்று, எஸ்.யூ.வி. என்று இன்று சொல்லப்படும் உயர்ந்த ரக வண்டிகள். முப்பது வருடங்களுக்கு முன் இதே வாசலில் சைக்கிளும் டி.வி.எஸ். 50-ம்தான் நின்றன. நம்மவர்கள் முன்னேறியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பதினோரு பேரில் மூவர் எனக்கு ஐந்து மாதப் பாக்கி வைத்திருப்பவர்கள். அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

வண்டி வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் இரண்டு நிற்கின்றன. எந்த வேலைக்கு எந்த வண்டி என்று பார்க்காமல், ஷோரூமில் கொடுக்கும் வழவழப்பான தாளைப் பார்த்து வாங்குகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் காலத்தில் 'ஜீப்' என்றால் லாரிக்கு இருப்பது போல அடியில் தனி சேஸ், அதன் மேல் பாடி. 1994-ல் வந்த டாடா சுமோ, 2000-ல் வந்த மகிந்திரா பொலிரோ, 2002-ல் வந்த ஸ்கார்ப்பியோ எல்லாம் அந்த வகைதான். 2015-ல் ஹூண்டாய் கிரெட்டாவும் 2016-ல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவும் வந்தன. அவற்றுக்குப் பின் கடைத்தெருவை நிறைத்தவை வேறு வகை. இவற்றில் பாடியும் சேஸும் ஒன்றே. பெரும்பாலானவற்றில் இன்ஜின் முன் சக்கரத்தைத்தான் ஓட்டும். அதாவது இவை கொஞ்சம் உயரமாக நிற்கும் கார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலுவழிச் சாலையில் இவை ஆடாமல் போகும், எரிபொருளும் மிச்சம். ஆனால் ஜீப் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

நான் பருப்பும் வற்றலும் மொத்தத்தில் வாங்கி விற்பவன். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, கமுதிப் பக்கம் களத்துக்கே போய்ச் சரக்கைப் பார்த்து விலை பேசுவது எங்கள் வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதத்தில் பருவம் தவறி ஒரு மழை பெய்தது. மறுநாள் உளுந்து பார்க்க மகனுடைய புது வண்டியில் போனோம். என்ன வண்டி என்று கேட்காதீர்கள். தார் ரோட்டை விட்டு இறங்கி நூறு கெஜம் போவதற்குள் கரிசல் மண் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு, மட்கார்டுக்குள் அடைத்து, முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. சம்சாரி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்திருக்கலாம்ல" என்றார். டிராக்டர் வந்து இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் வேறொரு வியாபாரி பழைய பொலிரோவில் வந்து, அந்த உளுந்தைப் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் தாளை எடுத்துக் காட்டினான். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி பொலிரோவில் 180 மில்லிமீட்டர். கிரெட்டாவில் 190, டாடா பஞ்ச்சில் 187. அப்படியானால் பொலிரோ எப்படிப் போயிற்று என்று கேட்டான். நல்ல கேள்விதான். இடைவெளி மட்டும் வண்டியை இழுத்துவிடாது. பொலிரோவில் பின் சக்கரம் தள்ளுகிறது; ஆளும் மூடையும் ஏறினால் பாரம் அந்தச் சக்கரத்தின் மேல் விழுந்து பிடிப்பு கூடுகிறது. டயர் 15 அங்குலம், பக்கச் சுவர் உயரமானது, கல்லில் அடிபட்டாலும் தாங்கும். அடுத்தது இழுவிசை. பொலிரோவின் ஒன்றரை லிட்டர் டீசல் இன்ஜினுக்குச் சுமார் 75 குதிரைத்திறன்தான். பஞ்ச்சின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அதைவிடக் கூட. ஆனால் இழுவிசை பொலிரோவில் 210 நியூட்டன் மீட்டர், பஞ்ச்சில் 115 அளவுதான். பந்தயக் குதிரைக்கும் பார வண்டி மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சரியான மழைச் சேற்றில் பொலிரோவும் புதையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாலு சக்கரமும் ஓடும் தார், ஜிம்னி போன்றவை வேண்டும். ஜிம்னியில் பின் சீட்டை மடக்காவிட்டால் இரண்டு பை வைக்கத்தான் இடம் இருக்கும்.

டீசல் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அந்தக் கரி எரிந்து தீர வேண்டுமானால் வண்டி சூடேறி, நல்ல வேகத்தில், நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து பேங்குக்கு ஒன்று என்று ஓட்டினால் வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். எங்கள் தெருவில் ஒரு நண்பர் அந்த விளக்கை மூன்று வாரம் பார்த்துக்கொண்டே ஓட்டிவிட்டு, பின்னால் பெரிய தொகை கட்டினார். ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்குப் பெட்ரோலோ, சி.என்.ஜி.யோதான் சரி.

இதுவரை பொலிரோவின் பக்கம் பேசியவன், அடுத்ததைச் சொல்லும்போது தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. மோதல் சோதனையில் டாடா நெக்ஸான் 2018-லேயே 5 நட்சத்திரம் வாங்கியது. பஞ்ச் 2021-லும் ஸ்கார்ப்பியோ-என் 2022-லும் 5 வாங்கின. பொலிரோ நியோ 2024-ல் வாங்கியது 1. நாமோ கடையை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்குக் கிளம்புகிறவர்கள். களத்துக்குப் போக நல்ல வண்டி என்பதால் பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றி நாலுவழிச் சாலையில் நூறில் போக எனக்கு இப்போது மனம் வருவதில்லை. சேஸ் உள்ள வண்டியே பாதுகாப்பு என்று பல வருடம் வாதாடியவன் நான். ஸ்கார்ப்பியோ-என்னும் சேஸ் வண்டிதான். ஆகவே இரும்பின் கனத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். 2023 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது.

இனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமல், இன்ஜின் பெட்ரோலில் 1200 சி.சி.க்கும் டீசலில் 1500 சி.சி.க்கும் மிகாமல் இருந்தால் 18 சதவீதம். இதில் எது மிஞ்சினாலும் 40. பொலிரோ, பஞ்ச் எல்லாம் 18-ல் வருகின்றன. பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தும் இன்ஜின் 1462 சி.சி. பெட்ரோல் என்பதால் 40-ல் போகிறது. கிரெட்டா, ஸ்கார்ப்பியோ-என் இரண்டும் 40-தான்.

இந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பையன் சொன்னால் நம்ப வேண்டாம். டிரைவரோடு சேர்த்து 13 பேருக்கு மேல் போகாத பயணிகள் வண்டிக்கு நம்மைப் போன்ற வணிகருக்கு அது கிடையாது. அதன் இன்சூரன்ஸ், சர்வீஸ் மீதான வரியும் கிடையாது. சரக்கு வண்டிக்கு உண்டு. 8 லட்சம் அடக்க விலையுள்ள பிக்கப் எடுத்தால் 18 சதவீத வரியான 1,44,000 ரூபாய் கணக்கில் வரவாகிறது. 12 லட்சம் அடக்க விலையுள்ள பெரிய எஸ்.யூ.வி. எடுத்தால் 4,80,000 ரூபாய் போனது போனதுதான். தேய்மானம் 15 சதவீதம் கழிக்கலாமே என்பார்கள். கழிக்கலாம், அதில் வருமான வரி கொஞ்சம் குறையுமே தவிர, கொடுத்த பணம் திரும்பாது. (காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறுகடைக்காரருக்குச் சரக்கு வண்டியிலும் வரி திரும்ப வராது என்பதை நினைவில் வைக்கவும்.)

தவணைக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய். மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு ஐந்து நிற்கிறது என்று தாராளமாகவே வைப்போம். அந்தத் தவணைக்கு மட்டும் மாதம் 5 லட்சத்துக்கு விற்க வேண்டும். அந்த விற்பனை இல்லாதபோது தவணை எங்கிருந்து கட்டப்படுகிறது? மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பணத்திலிருந்துதான். பேங்குக்காரன் ஒரு தவணை தவறினால் போன் போடுவான்; அண்ணாச்சி பொறுத்துக்கொள்வார் என்ற தைரியம்.

எங்கள் வீட்டில் கொள்முதலுக்குப் பழைய பொலிரோ இன்னும் ஓடுகிறது. குடும்பத்துக்கு மகனுடைய பெட்ரோல் வண்டி. கடைகளுக்குச் சரக்குப் போட ஒரு குட்டி யானை. இரண்டு வண்டியையும் தள்ளிவிட்டு நாலு சக்கரமும் ஓடும் ஸ்கார்ப்பியோ-என் ஒன்றாக எடுத்துவிடலாம், களத்துக்கும் ஆகும், குடும்பத்துக்கும் ஆகும் என்கிறான் மகன். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்த வற்றல் சீசன் முடியட்டும், வெளிப்பாக்கி எவ்வளவு வசூலாகிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். முதலில் சொன்ன மூவரும் சங்க இதழைத் தவறாமல் படிப்பவர்கள்.