சங்கிலியனைப் பூசி மெழுகாதீர்கள்

ஸ்காபரோவில் நானும் உங்களைப் போலத்தான், தாய்லாந்து அரண்மனைத் தொடர்களை விடிய விடியப் பார்க்கிறவள். 1767இல் பர்மியப் படை அழித்த அயுத்தயாவுக்காக அழுதும் இருக்கிறேன். 1619இல் போர்த்துக்கீசரிடம் விழுந்த யாழ்ப்பாண அரசுக்கு என்ன இருக்கிறது? நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் ஒரு சிலை. அவ்வளவுதான்.

கதை இல்லாமலா? 1617இல் எதிர்மன்னசிங்கம் இறந்தார். மகன் சின்னப் பிள்ளை. அவனுக்காக ஆள வந்த அரசகேசரியையும் இளவரசர்களையும் கொன்றுதான் இரண்டாம் சங்கிலி ஆட்சியைப் பிடித்தார். இதைச் சொன்னால், "எங்கட அரசனைக் கேவலப்படுத்தாதை பிள்ளை" என்கிறார்கள் பெரியாக்கள். அதே சங்கிலியைப் போர்த்துக்கீசர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதற்கும் எனக்கு அழுகை வருகிறது. இரண்டையும் சேர்த்து எடுங்கோ. வெறும் சிலையைத்தான் காட்டுவீர்கள் என்றால், நாங்கள் அடுத்த தாய்லாந்துத் தொடருக்குப் போகிறோம்.